வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

3 ஜூன் 1996, திங்கள்

கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்ததுமே சத்தம் கேட்டது. விரல் நகத்தால் தகரத்தைச் சுண்டுவது மாதிரி டக், டக் என்று. வொர்க்ஸ்டேஷனோடு இணைத்திருக்கும் இரண்டாவது டிஸ்க். கிணற்று அளவீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் சத்தமும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் மகுடேஸ்வரனிடம் போய்ச் சொன்னேன். எங்கள் நீராய்வு மையத்துக்கு அவர்தான் இயக்குநர். பேனாவை மூடிவிட்டு, "பதினேழாம் தேதி ஆணையர்கிட்ட ஒப்படைக்கணும், ஞாபகம் இருக்கா கோமளா?" என்றார்.

"டேப் இருக்குதுங்க சார். மாசம் தவறாம நகல் எடுத்து வச்சிருக்கோம்."

"அப்ப சரி" என்று பேனாவைத் திறந்துகொண்டார்.

புது டிஸ்க் கோயமுத்தூரிலிருந்து நாளை வந்துவிடும். அதை மாட்டி, டேப்பிலிருந்து திரும்ப ஏற்றினால் ஆயிற்று. ஒரு நாள் வேலை.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

4 ஜூன், செவ்வாய்

ஒரு நாள் வேலை இல்லை போலிருக்கிறது.

புது டிஸ்க் மாட்டியாயிற்று. இப்போது டேப் டிரைவைக் காணவில்லை. மேஜை மேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மெஷின் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. ஒரே கேபிளில் வரிசையாக இணைத்தவற்றுக்கு ஆளுக்கொரு எண் இருக்க வேண்டும். புது டிஸ்க்கின் எண்ணும் டேப் டிரைவின் எண்ணும் நான்கு. அதைக் கண்டுபிடிக்க மத்தியானம் மூன்று மணி ஆனது. டிரைவின் பின்பக்கச் சக்கரத்தைப் பென்சில் முனையால் ஐந்துக்குத் திருப்பி, மெஷினை அணைத்துப் போட்டேன். தெரிந்தது.

கடைசியாக எடுத்த ஏப்ரல் மாத டேப்பைப் போட்டேன்; மே மாதத்துக்கானதை இந்த வெள்ளிக்கிழமைதான் எடுக்க வேண்டும். அரை நிமிஷம் ஓடிவிட்டு, படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பியது. மார்ச் டேப்புக்கும் அதே பதில்.

தணிகையாக இருந்தால் இந்நேரம் முடித்திருப்பார். டேப் வேலை முழுக்க அவர் கையில்தான் இருந்தது. நாலு மாதம் முன்னால் சென்னைக் கம்பெனிக்குப் போகும்போது ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மார்ச், ஏப்ரல் டேப்பை அந்த நோட்டைப் பார்த்து நானே எடுத்தேன். நோட்டில் இருந்தபடியே எல்லாம் செய்தேன்.

நாளை அவரைக் கூப்பிட வேண்டும்.

5 ஜூன், புதன்

காலை ஏழரைக்கு அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் எடுத்தார். "குளிச்சிட்டிருக்காரு, நீங்க யாருங்க?" என்றார். அக்காவாக இருக்கும். தணிகைக்கு அக்கா உண்டு என்று ஏழு வருஷத்தில் கேள்விப்பட்டதில்லை.

பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். அதே குரல், அதே நிதானம். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"டிஸ்க் போயிடுச்சா?" என்றார். பிறகு, "டெர்மினேட்டர் பாத்தீங்களா?" என்றார்.

கேபிளின் கடைசியில் செருகும் கட்டைவிரல் அளவு மூடி அது. அது சரியில்லையென்றால் கேபிளில் போகும் செய்தி குழம்பிப்போகும். படிக்கும்போது பிழை வரும்.

"பழசு அது, காலாவதி ஆயிருக்கும். புதுசு வரவழைங்க. பெங்களூர்ல கிடைக்கும், மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் டேப்பைப் போட்டு எடுத்துப் பண்ணாதீங்க கோமளா. டேப் கிழிஞ்சிடும்."

"சரிங்க தணிகை."

"பதட்டப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் காபி குடித்தேன்.

6 ஜூன், வியாழன்

டெர்மினேட்டர் சொல்லியாயிற்று. டேப்பைத் தொடவில்லை.

மத்தியானம் முத்தாயம்மாள் மையத்துக்கு வந்தார். செங்காட்டுவலசில் நாலு ஏக்கர். எங்கள் கணக்கில் நாற்பத்தோராம் கிணறு. சாய ஆலைக்கு எதிரான வழக்கில் முதல் மனுதாரர் அவர்தான். ஆலைத் தண்ணீர் ஓடையில் விழ ஆரம்பித்த பிறகு அந்தக் கிணற்றில் உப்பு ஆறு மடங்கு ஏறியது. பதினைந்து நாளுக்கொரு தடவை, ஆறு வருஷம், அறுபத்து மூன்று கிணறுகளில் நாங்கள் அளந்த எண்கள்தான் அதற்குச் சாட்சி. அளவெடுத்த நோட்டுகள் போன நவம்பர் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிக் கூழாகிவிட்டன. அச்சடித்த சுருக்க அறிக்கை போதாது, மூல எண்கள் முழுவதும் வேண்டும் என்று ஹைகோர்ட் நியமித்த ஆணையர் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, பேப்பரெல்லாம் தயாருங்களா?" என்றார் முத்தாயம்மாள்.

"மெஷின்ல சின்ன ரிப்பேருங்க. பத்தாம் தேதிக்குள்ள ஆயிடும்."

"எனக்கு அதெல்லாம் புரியாதுங். நீங்க சொன்னாச் சரி."

ஒரு பை முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனார். வேறு எதுவும் இப்போது அந்த நாலு ஏக்கர் காட்டில் காய்ப்பதில்லையாம்.

8 ஜூன், சனி

டெர்மினேட்டர் வந்தது. மாட்டினேன். அதே பிழை.

9 ஜூன், ஞாயிறு

துணி துவைத்தேன். தலைவலி.

10 ஜூன், திங்கள்

மறுபடி தணிகைக்குப் போன். இந்தத் தடவை ஆபீஸ் நம்பர்.

"அப்போ ஹெட் போயிருக்கு" என்றார். டேப்பைத் தொட்டுப் படிக்கிற பகுதி அது. "அங்க யாராலயும் சரி பண்ண முடியாது. டிரைவை நல்லா பேக் பண்ணி எனக்கு அனுப்பிடுங்க. டேப்பெல்லாத்தையும் சேர்த்தே அனுப்புங்க, இங்கயே படிச்சு உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். ஒரு வாரம்."

"பதினேழுக்குள்ள வேணுமே."

"ஆணையர்கிட்ட டைம் கேட்டுக்கலாம். இதெல்லாம் சகஜம். என்னை நம்புங்க கோமளா."

ஆணையர் கேட்டிருக்கிறார் என்று நான் அவரிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே, "தணிகாசலம் நல்லா வேலை தெரிஞ்ச ஆள்தான். இருந்தாலும் டேப்பு மையத்தைவிட்டு வெளிய போறது…" என்று இழுத்தார். நான்தான் வற்புறுத்தினேன். அவருக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன்.

அட்டைப்பெட்டி, தெர்மகோல் வாங்கி வந்தாயிற்று. நாளை பேக் செய்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

பேக் செய்யவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு யாராவது கேட்டால் எனக்கே குழப்பம் வரக்கூடாது.

டிரைவைக் கழற்றுவதற்கு முன் மேஜை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு டேப் கிடந்தது. 92 ஜனவரியில், டிரைவ் வந்த புதிதில், எப்படி எழுதுகிறது என்று பார்க்க நான் எடுத்த ஒத்திகை டேப். பதிவேட்டில் ஏறவில்லை, டேப்புகளைப் பூட்டி வைக்கும் பீரோவிலும் வைக்கவில்லை. போனால் போகிறது, இது கிழிந்தால் நஷ்டம் இல்லை என்று டிரைவில் போட்டேன்.

படித்தது. ஒரு பிழைகூட இல்லை. 90, 91 இரண்டு வருஷத்து எண்களும் திரையில் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. நாற்பத்தோராம் கிணறும் வந்தது.

ஹெட் போன டிரைவ் இப்படிப் படிக்காது.

பீரோவிலிருந்து 94 டிசம்பர் டேப்பைப் போட்டேன். அதே பழைய பிழை. அந்த வாசகத்தைத் தாளில் எழுதிக்கொண்டேன். அப்புறம் எதுவும் எழுதாத புது டேப் ஒன்றை மேலுறை பிரித்துப் போட்டேன். எழுத்துக்கு எழுத்து அதே வாசகம்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. பியூன் வந்து விளக்கைப் போட்டார்.

மார்ச், ஏப்ரல் நீங்கலாகப் பீரோவில் இருந்தவை முப்பத்தொன்று, 93 ஆகஸ்டிலிருந்து எடுத்தவை; அதற்கு முந்திய டேப்புகளை அழித்து மறுபடி எழுதிவிட்டோம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். லேபிள்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன, நான் எழுதியவைதான். ஆனால் மூலைகள் மடிந்திருந்தன. ஒரு தடவை உரித்து வேறொன்றில் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு டேப்பின் அடியிலும் கம்பெனியின் தயாரிப்பு எண் அச்சிட்டிருப்பார்கள். நாலு வருஷத்தில் ஐந்தைந்தாக வாங்கிய டேப்புகள் அவை. முப்பத்தொன்றிலும் ஒரே எண்.

பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்றைப் பிப்ரவரியில் போகும்போது தணிகை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் புதுப் புடவை கட்டியிருந்தேன். குறிப்பாக ஒரு காரணமும் இல்லை.

மார்ச், ஏப்ரல் நானே எடுத்தவைதானே என்று அந்த நோட்டை வரி வரியாகப் பார்த்தேன். கட்டளையில் டேப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர். அங்கே எழுதுவது எங்கேயும் போய்ச் சேராது. மெஷின் முடிந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். நான் அந்த 'முடிந்தது' என்ற சொல்லைப் பார்த்துப் பதிவேட்டில் டிக் அடித்திருக்கிறேன்.

கைப்பிழையாக இருக்கலாம் என்று ஒரு அரைமணி நேரம் நினைத்துப் பார்த்தேன்.

12 ஜூன், புதன்

டாக்டரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. வக்கீல் ரஹமத்துல்லாவை வரச் சொன்னார். கிராமத்தாருக்காக வழக்கு நடத்துகிறவர். அவர் கையில் ஆலைத் தரப்பு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இருந்தது. தேதி மே 27. டிஸ்க் நிற்பதற்கு ஒரு வாரம் முந்தியது.

"'மையத்தின் வசம் நம்பத்தக்க மாற்றுப் பிரதி ஏதும் கிடையாது'ன்னு எழுதியிருக்காங்க. இது எப்படி அவங்களுக்குத் தெரியும்னுதான் நானும் யோசிச்சிட்டிருந்தேன் மேடம்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆலைக்கு ஆலோசனை சொல்லும் சென்னைக் கம்பெனியின் பெயர், அதன் ஆட்களின் பட்டியல். நாலாவது பெயர் தணிகாசலம்.

சென்னையில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் மெஷினில் தணிகையின் பழைய கணக்கைத் திறந்தேன். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை உடனே நீக்க வேண்டும். இதை நீக்க நேரம் கிடைக்கவில்லை. டிஸ்க்கில் கோளாறு வந்தால் மெஷின் தானாக எச்சரிக்கை அனுப்பும், அது அவர் மெயில் பெட்டிக்குத்தான் போகும்படி வைத்திருந்தோம். டிசம்பர் 19 முதல் எச்சரிக்கை. டிசம்பரில் ஆறு, ஜனவரியில் பதினான்கு. அத்தனையும் படித்தாகிவிட்டது. அவர் போன பிறகு வந்த தொண்ணூறும் பிரிக்காமல் கிடந்தன.

டிஸ்க் சாகப்போவது அவருக்கு டிசம்பரிலிருந்தே தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாதம் அது.

13 ஜூன், வியாழன்

போன் செய்தேன். செய்யக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"டேப்பெல்லாம் காலி" என்றேன்.

"அப்படியா?" ஆச்சரியமே இல்லாத குரல்.

"எங்க வச்சிருக்கீங்க தணிகை?"

அவர் ரொம்ப மெதுவாக, "கோமளா, பதிவேட்டுல 'சரிபார்த்தவர்'னு இருக்கிற இடத்துல உங்க கையெழுத்துதானே இருக்கு? ஒவ்வொரு மாசமும் வெள்ளிக்கிழமை டேப்பைத் திரும்பப் படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?" என்றார்.

நான் வைத்துவிட்டேன்.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன். முதல் வருஷம் ஒவ்வொரு டேப்பையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆகும். 93-ல் ஒரு வெள்ளிக்கிழமை தணிகை, "நான் பாத்துட்டேன். உங்களுக்கு பஸ் போயிடும், கையெழுத்து மட்டும் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார். நான் சந்தேகப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அன்றைக்குப் போட்டேன். அடுத்த மாதமும். அதற்கப்புறம் ஒரு டேப்பையும் நான் திரும்பப் படித்ததில்லை. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

15 ஜூன், சனி

டாக்டர் அறையில் ரஹமத்துல்லா வழக்கை விளக்கினார். லேபிள், தயாரிப்பு எண், பழைய எச்சரிக்கைகள், மே 27 பத்திரம். டேப்புகளை மாற்றிவிட்டார்கள் என்று இவற்றை வைத்துக் காட்டலாம். ஆனால் ஒன்று வேண்டும். முதலில் அந்த டேப்புகளில் எண்கள் இருந்தன என்று கண்ணால் பார்த்த ஒரு ஆள்.

"பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கு. அது போதும்" என்றார்.

நான் சொன்னேன். 93-க்குப் பிறகு பார்க்கவில்லை என்று சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரஹமத்துல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பார்த்தேன்னு நீங்க சொன்னா, பார்க்கலைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது மேடம். நான் உங்களை அப்படிச் சொல்லச் சொல்லலை" என்றார்.

டாக்டர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

16 ஜூன், ஞாயிறு

சிலிண்டர் வந்தது. சமைக்கவில்லை.

17 ஜூன், திங்கள்

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அறை. ஆணையர் ரிட்டையர்டு ஜட்ஜ், காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. செங்காட்டுவலசிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். முத்தாயம்மாள் முன்வரிசை. தணிகை கடைசி வரிசையில், நீலச் சட்டை, மடியில் ஃபைல். கையில் புது மோதிரம். அன்றைக்குப் போனை எடுத்தது அக்கா இல்லை.

லேபிள்களைக் காட்டினேன். தயாரிப்பு எண்களைக் காட்டினேன். ஆணையர் ஒவ்வொரு டேப்பாக வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மாற்றம் தெரிந்தது. எங்கள் பக்கம் சாய்கிறார் என்று எனக்கே தோன்றியது.

ஆலை வக்கீல் எழுந்தார். இளம் வயது, மரியாதையான பேச்சு.

"ஒரே ஒரு கேள்விதான் மேடம். ஒவ்வொரு மாசமும் வெள்ளிக்கிழமை டேப்பைத் திரும்பப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

போனில் கேட்ட அதே வார்த்தைகள், அதே வரிசை.

தணிகையைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த ஒரு சொல்லில் அறுபத்து மூன்று கிணறுகள் இருந்தன. நியாயமும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

"இல்லைங்க. 93 மார்ச்சுக்கு அப்புறம் படிச்சுப் பார்க்கலை."

ஆணையருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப அந்த டேப்புல முதல்லயே எதுவும் எழுதாம இருந்திருக்கலாம், இல்லையா?"

"இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். ஒத்திகை டேப்பில் இருந்த இரண்டு வருஷத்தை மட்டும் ஆணையர் எடுத்துக்கொண்டார். ஆலை வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. தண்ணீர் நன்றாக இருந்தது என்பதற்கு மட்டும் இப்போது சாட்சி இருக்கிறது. மறுபடி ஒரு வருஷம் அளவெடுத்து வரச் சொல்லிப் பரிந்துரைப்பாராம். அதுவரை ஆலை ஓடும்.

படிக்கட்டில் தணிகை எனக்காக நின்றிருந்தார். நான் நிற்காமல் போயிருக்க வேண்டும்.

"உங்க மேல கேஸ் எதுவும் வராது கோமளா. அதை நான் முதல்லயே பேசிட்டேன்."

"நான் பாத்தேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. வருத்தமாக இருப்பதுபோலக்கூடத் தெரிந்தது.

"சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆலைக்காரங்க அதுக்குத்தான் பயந்தாங்க. ஏழு வருஷமா பாக்குறேன், பொய் சொல்லவே வராது கோமளாவுக்குன்னு நான்தான் சொன்னேன்."

என்னை இவ்வளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

18 ஜூன், செவ்வாய்

லீவு போட்டேன்.

3 ஜூலை, புதன்

டாக்டர் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சாவியை மேஜையில் வைத்தேன். ராஜினாமாக் கடிதமும் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதற்குள் அவர், "கிணத்துல அளவெடுக்க ஆள் இல்லை. போறீங்களா? சம்மதம்னா மட்டும்" என்றார். கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

போலீசில் கொடுத்த புகாருக்கு ரசீது கிடைத்திருக்கிறது.

தணிகையின் கணக்கை நீக்கிவிட்டுத்தான் அறையைவிட்டு வந்தேன். ஒரு வரிக் கட்டளை. 'முடிந்தது' என்றது. நம்பாமல், போய்விட்டதா என்று திரும்பப் பார்த்தேன். போயிருந்தது.

22 ஜூலை, திங்கள்

செங்காட்டுவலசில் முதல் நாள். பாட்டில்கள், மீட்டர், நோட்டு. ஒரு கிணற்றில் அளந்ததை மூன்று பிரதி எழுதுகிறோம். ஒன்று கிணற்றுக்காரருக்கு, ஒன்று பஞ்சாயத்துக்கு, ஒன்று எங்களுக்கு.

பல பேர் என்னிடம் பேசவில்லை. ஒருவர், "எவ்வளவு கொடுத்தாங்க?" என்று கேட்டார். அவர் கிணற்றுக்கான பிரதியை நீட்டினேன்.

நாற்பத்தோராம் கிணற்றுக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முத்தாயம்மாள் வரப்பில் நின்றிருந்தார். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

"அன்னைக்கு அங்க உக்காந்து கேட்டேனுங்க" என்றார். "பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்க. அதை ஒத்துக்கிட்டதுக்கு ஊர்ல ரெண்டு பேர் உங்களை நல்லவங்கன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்காடு காஞ்சு போச்சுங்கன்னேன்."

நான் கயிற்றை எடுத்து வாளியைக் கட்டினேன். முடிச்சு வழுக்கியது. உதவிக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் வரப்பிலிருந்து இறங்கி வந்து, கிணற்று விளிம்பில், மீட்டரின் முள் தெரியும் இடத்தில் நின்றுகொண்டார்.

"எடுங்க அம்மிணி" என்றார். "நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."